அவன் நடக்குற வரைக்கும்

ரீட்டா கண்ணு, பக்கத்து வீட்டு சரோஜாக்காதான் எழுதுகிறேன்.

நான் மூணாவதோடு நின்றவள் என்று உனக்குத் தெரியும். நீ ஆபீசில் டைப் அடிக்கிற மாதிரி வரிசையாக எனக்கு வராது. தப்பு இருந்தால் விட்டுவிடு. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் சேதி. உன் மகன் அருள் நடந்துவிட்டான். நடந்து, தூத்துக்குடிக்கும் போய்விட்டான். போன ஞாயிற்றுக்கிழமை உன் நாத்தனார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இப்போது நம்ம லைன் வீடு பழையபடி இருக்கிறது. குழாயடியில் சண்டை போடுகிறவர்கள் போடுகிறார்கள். பீச் ரயில் சானடோரியம் ஸ்டேஷனில் நின்று கிளம்புகிற சத்தம் கேட்கிறது. வேறு ஒன்றும் புதுசாக இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்து ஒன்று சொன்னாய். "அக்கா, அவன் நடக்குற வரைக்கும் பாத்துக்கோ." அதற்கு மேல் பேச உனக்குத் தெம்பு இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் உன் நாத்தனார் நின்றிருந்தார்கள். அவர்கள் காதிலும் விழுந்தது.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அவர்கள் என்னை உட்காரவைத்துப் பேசினார்கள். கெட்ட மனுஷி இல்லை. "சரோஜாம்மா, அவ வாயால சொன்னது. பிள்ள நடக்குற வரைக்கும் நீங்க பாத்துக்கிடுங்க. நடந்த பொறவு நான் கூட்டிட்டுப் போறேன். எனக்கு இடுப்பு ஆகாது, கைப்பிள்ளையத் தூக்க ஏலாது. நடக்குற பிள்ளன்னா சமாளிச்சுக்கிடுவேன்" என்றார்கள். உன் வீட்டுக்காரர், நம்ம சேவியர் தம்பி, தலை குனிந்தபடி இருந்தது. வேலைக்குப் போகிற ஆம்பிளை, தனியாக என்ன செய்யும்? நானும் சரி என்றேன். சரி என்று சொல்ல நான் யார் என்றும் தோன்றியது. நீ வேலைக்குத் திரும்பினதிலிருந்து காலையில் ரயிலுக்குப் போகும்போது பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போவாய். சாயந்திரம் வாங்கிக்கொள்வாய். அவ்வளவுதானே நம்ம பழக்கம்.

அன்றிலிருந்து ஒன்று தெரிந்துபோனது. அவன் எழுந்து நடக்கிற நாள், என்னை விட்டுப் போகிற நாள்.

தவழ்ந்து வாசப்படி தாண்டினபோது கொழுக்கட்டை பிடித்து வாசப்படியில் வைத்தேன். எங்களில் அப்படிச் செய்வோம். சாவு நடந்த வீட்டில் வருஷம் திரும்பாமல் பலகாரம் ஏன் என்று லைனில் ஒருத்தி கேட்டாள். படி தாண்டினவனுக்கு அதெல்லாம் தெரியுமா என்றேன். சேவியர் தம்பி, "எங்க பக்கம் இந்தப் பழக்கம் இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே நாலைந்து தின்றது. நீ போன பிறகு அது வயிறாரச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்கப்புறம் தவழ்வதோடு நின்றுவிட்டான். ஒரு வயசு ஆனது. அதுவும் தாண்டியது. நிற்கவைத்தால் காலை மடக்கிக்கொள்வான். நான் பெற்றது ரெண்டும் சுவரைப் பிடித்தே நடந்ததுகள். இவன் சுவரைப் பார்த்துச் சிரிப்பான், அவ்வளவுதான். மூன்றாம் வீட்டு தனம் என் காது படவே, "தாய் இல்லாத புள்ள, கால்ல சத்து எங்கேர்ந்து வரும்" என்றாள். பிள்ளை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். காலைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. பிடிச்சு நடக்க ஏதாச்சும் வாங்கிக் குடுங்க. மழைக்காலம் வரைக்கும் நடக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்" என்றார்.

ஏதாச்சும் என்றால் என்ன? அங்கேதான் ஆரம்பித்தது.

சேவியர் தம்பி ஆபீசில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் பாரிஸ் கார்னர் பக்கம் குடியிருக்கிறார். அங்கே எல்லாம் கிடைக்குமே என்று, "ஒரு வாக்கர் வாங்கிட்டு வாங்க சார்" என்று தம்பி சொல்லியிருக்கிறது. அவரும் மறுநாள் சாயந்திரம் ஆபீசிலிருந்து நேராக நம்ம லைனுக்கே கொண்டுவந்துவிட்டார். காகிதத்தைப் பிரித்தால், கால் உடைந்த கிழவர்கள் ஊன்றிக்கொண்டு நடப்பார்களே, அந்த அலுமினிய வாக்கர். நாலு காலிலும் ரப்பர். என் மார் உயரம் இருந்தது. அருள் அதன் நடுவில் உட்கார்ந்து மேலே பார்த்தான், கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தவன் மாதிரி.

"ஏன் தம்பி, யாருக்குன்னு சொல்லலியா?"

"சொல்லலக்கா. ஆள் உயரமான்னு கேட்டார். இல்ல சார், ரொம்பக் குள்ளம்னு சொன்னேன்."

"எங்கியாவது விழுந்துட்டாங்களான்னு கேட்டேனேம்மா," என்றார் அந்த மனிதர். "இன்னும் எழுந்தே நிக்கலைன்னு சொன்னாரு. எவ்ளோ பெரிய அடியோன்னு நெனச்சேன்."

எங்கள் வீட்டுக்காரர் தோல் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்தார். அதைப் பிடித்துக்கொண்டு ரெண்டு நடை நடந்து பார்த்தார். "நல்லா கீதுமே. எனக்கே எடுத்து வெய்யி, இன்னும் பத்து வருசத்துல ஆவும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சேவியர் தம்பியும் சிரித்தது, ரீட்டா. இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதர் வெட்கப்பட்டுப் போய், தன் பிள்ளை உட்கார்ந்த வட்ட வாக்கரை அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்தார். பிளாஸ்டிக், சுற்றிலும் சின்னச் சின்ன உருளை, நடுவில் துணி இருக்கை. அருளை அதில் இறக்கினோம். அன்றைக்கு ஆரம்பித்தான் ஊர்வலம். சமையல்கட்டிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையல்கட்டு. கலெக்டர் ஜீப்பில் வருகிறார் என்பார் எங்கள் வீட்டுக்காரர். ஸ்டவ்வில் ஒரு தரம் இடித்தான், அரிசிப் பானையில் ஒரு தரம் இடித்தான். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் நான் அவன் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் நுனியால் தரையை உந்துகிறான், அவ்வளவுதான். பாதம் பதியவே இல்லை. உடம்பு முழுக்கத் துணியில் தொங்குகிறது. வெளியே எடுத்து நிற்கவைத்தால் பழையபடி கால் மடங்குகிறது. எதற்கு நிற்க வேண்டும்? உட்கார்ந்தபடியே ஊர் சுற்றலாமே. இது நடக்கச் சொல்லித்தராது, இவன் வண்டி ஓட்டத்தான் கற்றுக்கொள்வான் என்று எனக்குப் புரிந்துபோனது.

சாப்பிடும்போது எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய் மர நடைவண்டி ஒன்று பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்னாத்துக்கு இப்ப அவசரம்? அதுலியே குந்திகினு சுத்தட்டும். சந்தோசமாத்தானே கீறான்."

"நடக்க வேணாமா?"

"நடந்தா இட்டுனு பூடுவாங்க. அத்த யோசிச்சியா நீ?"

"யோசிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. நடக்குற வயசுல நடக்கணும்யா. மழைக்காலம் வந்தா பெரிய ஆஸ்பத்திரின்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

அவர் கை கழுவப் போய்விட்டார். திரும்பி வந்து, "வண்டி வாங்கறதுனா ஆணி துருத்திகினு கீதான்னு தடவிப் பாத்து வாங்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை அருளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். குரோம்பேட்டை தாண்டினால் பல்லாவரம். சந்தையில் அவன் வண்டியைப் பார்க்கவில்லை, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் வாயைத் திறப்பான். நடைவண்டிகளைப் பழைய கட்டில், கிளிக்கூண்டுகளுக்கு நடுவில் குவித்து வைத்திருந்தான் கடைக்காரன். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ரெண்டு, நிமிர்ந்த கைப்பிடி. பச்சையும் சிவப்புமாகச் சாயம் அடித்தது.

முதலில் எடுத்ததில் விரலை நனைத்துத் தேய்த்தேன். சிவப்பு விரலில் ஒட்டியது. இவன் கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கிறவன், அதை வைத்துவிட்டேன். இன்னொன்றில் பின் சக்கரம் ரெண்டும் கிட்டக் கிட்ட இருந்தது, பக்கவாட்டில் சாய்ந்தால் சாய்ந்ததுதான். மூன்றாவதில் அவனை நிற்கவைத்துப் பார்த்தேன். கைப்பிடி அவன் தாடைக்கு வந்தது. விழுந்தால் பல் போகும். நெஞ்சுக்கு வருகிற மாதிரி தேடினேன்.

"இன்னாக்கா, பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறியே," என்றான் கடைக்காரன். "தள்ளுற வண்டிக்கா இது."

"தள்ளத்தான்பா பாக்கறேன்."

"யார் கொழந்த? பேரனா?"

நல்லா இருக்கிறதா கேள்வி? எனக்கு என்ன வயசு? "தங்கச்சி புள்ள" என்றேன். அப்படியே வாயில் வந்தது, ரீட்டா. அதற்கு முன்னால் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றுதான் சொல்வேன்.

சாயம் போடாத ஒன்று அடியில் கிடந்தது. வெறும் மரம். பின் சக்கரம் அகலமாக இருந்தது, கைப்பிடி அவன் நெஞ்சுக்குச் சரியாக வந்தது. அதையே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கைப்பிடியைப் பிடிக்கவைத்தேன். பிடித்தான். எழுந்தான். அடுத்த நிமிஷம் வண்டி சர்ரென்று ஓடியது, இவன் குப்புற விழுந்தான். உதட்டில் ரத்தம். நம்ம வீட்டுச் சிமெண்டுத் தரை வழவழவென்று இருக்கும், தெரியுமே உனக்கு. வண்டியோ காற்றடித்தால் நகர்கிற கனம். மண் தரைக்குச் செய்த வண்டி அது. தனம் வந்து எட்டிப் பார்த்தாள். "அந்த ரவுண்டு வண்டியிலியே விட்டுருக்கலாம்ல" என்றாள். அருள் ரெண்டு நாள் நடைவண்டி பக்கமே வரவில்லை. அதைப் பார்த்தாலே உதட்டைத் தொட்டுக்கொள்வான்.

வண்டிக்குக் கனம் வேண்டும். செங்கல் வைத்தேன், சரிந்து விழுந்தது. அரிசியைப் பையில் கட்டி வைத்தேன், பையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான். கடைசியில் அம்மிக் குழவியைப் பழைய துணியில் சுற்றிக் கீழ்க்கட்டையில் படுக்கவைத்துக் கட்டினேன். வண்டி ஆடாமல் அசையாமல் நின்றது. இவன் பிடித்து எழுந்து, உந்தி, ஒரு அடி நகர்த்தினான். வண்டி ஒரு அடிதான் போனது. பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது.

"குழவி ஊர்கோலம் போவுதுமே, கற்பூரத்த காட்டு" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

சேவியர் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "புத்தகத்துல குழவின்னா குழந்தைன்னே அர்த்தம்க்கா" என்றது. எனக்கு அது தெரியாது. நான் மூணாவது வரைக்கும் படித்த புத்தகத்தில் அது வரவில்லை. குழவி குழவியைத் தள்ளுகிறது என்று அன்று முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்திருக்கும், இல்லையா?

தினமும் மத்தியானம் அவன் தூங்கும்போது குழவியை அவிழ்த்து மசாலா அரைப்பேன். கழுவித் துடைத்து மறுபடியும் கட்டிவைப்பேன். எழுந்ததும் வண்டிக்குப் போய்விடுவான். உள்ளே தள்ளினவன் வாசலுக்கு வந்தான், வாசலிலிருந்து குழாயடி வரைக்கும் போனான். வட்ட வாக்கரைக் கொடுத்தவருக்கே நாங்கள் திருப்பி அனுப்பிவிட்டோம்.

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. குழவியை எடுத்து அரைத்துக்கொண்டிருந்தேன். இவன் சீக்கிரமே எழுந்துவிட்டான், நான் பார்க்கவில்லை. வண்டி வாசலில் வெறுமனே நின்றிருந்தது. போய்ப் பிடித்து, வழக்கம்போலப் பலமாக ஒரு உந்து உந்தியிருக்கிறான். வாசல் குழாயடிப் பக்கம் சரிவாக இருக்கும் அல்லவா, வண்டி அவன் கையை விட்டு ஓடிப்போய்விட்டது. சத்தம் கேட்டு நான் மசாலாக் கையோடு எழுந்து வந்தேன்.

விழவில்லை. கை ரெண்டும் கைப்பிடியைப் பிடித்த மாதிரியே நீட்டிக்கொண்டு நின்றிருந்தான். வண்டி அங்கே போய்ச் சுவரில் முட்டி நின்றது. அதைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. கோபம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தான், ரீட்டா. போய்ப் பிடித்தான். பிடித்த பிறகுதான் திரும்பி, "பெம்மா" என்றான். பெரியம்மா என்று நீ சொல்லிக்கொடுத்தது அவன் வாயில் அப்படித்தான் வரும்.

வேறு யாரும் பார்க்கவில்லை. தனம் கூட வீட்டில் இல்லை. நான் கையைக் கழுவிவிட்டு வந்து வாசப்படியில் உட்கார்ந்தேன். சொல்லாமல் இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. குழவியைத் திரும்பக் கட்டிவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் வண்டி தள்ளுகிற பிள்ளையாகவே இருப்பான். அப்புறம் அவனைப் பார்த்தேன். வண்டியை விட்டுவிட்டு என் பக்கம் வந்துகொண்டிருந்தான். இதை எந்தக் குழவியில் கட்டி வைக்க முடியும்?

சாயந்திரம் சேவியர் தம்பி வரும்போது லைன் வாசலில் போய் நின்றேன். "தம்பி, பையைக் கீழ வையி. அப்படியே குந்து" என்றேன். அருளை எதிரில் இறக்கிவிட்டேன். அவன் போனான். தம்பி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. சிரித்தது. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தது. சிரிப்பு மெதுவாகப் போய்விட்டது.

"அக்கா, ஊருக்கு எழுதிப் போடணுமா?" என்று கேட்டது.

"போடு தம்பி."

உன் நாத்தனார் வந்தார்கள். அவன் நடப்பதைப் பார்த்து, "நடந்துட்டாம்லா, நடந்துட்டாம்லா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரெண்டு நாள் தங்கினார்கள். அவன் அவர்கள் மடியில் உட்காருவதற்கு ஒரு நாள் பிடித்தது. அவன் என்ன சாப்பிடுவான், எப்போது தூங்குவான், விமானம் பார்த்தால் வாயைத் திறப்பான், எல்லாம் சொன்னேன். அலுமினிய வாக்கர் மூலையில் சாத்தியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுப் பெரியவருக்கு ஆகுமே" என்றார்கள். கட்டிக் கொடுத்தோம். தப்பாக வந்த வாக்கர் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. நடைவண்டியைக் கட்டப் போனேன். "வேண்டாம் சரோஜாம்மா. எங்க ஊரு மணலு, சக்கரம் ஓடாது. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்கள்.

தாம்பரம் ஸ்டேஷனில் அவர்கள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் அருளை இறக்கிவிட்டேன். "அத்தைகிட்ட போ" என்றேன். போனான். பாதியில் நின்று திரும்பிப் பார்த்தான். கையை நீட்டினால் வந்துவிடுவான் என்று தெரியும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் பிஸ்கட் டப்பாவை ஆட்டினார்கள். அவன் போய்விட்டான். எங்கள் வீட்டுக்காரர் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று போனவர், ரயில் கிளம்பின பிறகுதான் வந்தார்.

சேவியர் தம்பி இங்கேதான் இருக்கிறது, மாற்றல் கேட்டிருக்கிறதாம். ராத்திரி சாப்பாடு நான்தான் கொடுக்கிறேன். நேற்று எங்கள் வீட்டுக்காரர் நடைவண்டியைத் தூக்கி, "இத்த பரண்ல போடவா" என்று கேட்டார். வேண்டாம், கதவுகிட்டயே இருக்கட்டும் என்றேன். குழவி அம்மியில் இருக்கிறது.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்க வேண்டும். நடக்குற வரைக்கும் என்று சொன்னாயே, அதோடு முடிந்தது என்று அர்த்தமா? இல்லை, தெம்பு இல்லாமல் பாதியில் நிறுத்தினாயா? அதற்கு மேல் ஏதாவது சொல்ல வாயெடுத்தாயா? உன் நாத்தனாருக்கு ஒரு விதமாகக் கேட்டது. எனக்கு இப்போது வேறு விதமாகக் கேட்கிறது.

அவன் வண்டி பின்னால் நடந்தான். அவன் அப்பாகிட்ட நடந்தான். அத்தைகிட்ட நடந்தான். உன்கிட்ட இன்னும் நடந்து வரவில்லையே. அப்படியானால் நீ சொன்ன வேலை எனக்கு இன்னும் முடியவில்லை.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு அவனைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். சேவியர் தம்பி சரி என்றது, உன் நாத்தனாரும் தலையாட்டினார்கள். கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும்தான் தூக்கி வருவேன். அங்கே இறக்கிவிட்டுவிடுவேன். அழுதாலும் தூக்க மாட்டேன். உன் இடம் வரைக்கும் அவன் காலாலேயே வருவான். நான் பின்னால் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளைக்குப் பெரியம்மா
சரோஜா